அன்ரிகனியின் உம்மா யார்?

எங்கள் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கென்று தனியாக ஓர் ஆசிரியர் இல்லை. தமிழ் படிப்பிக்கிறவனே அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் ஒரு நாள், கிரேக்க அரங்கு பற்றிச் சொல்லிக்கொண்டு போகையில், சொபொக்கிளிஸின் 'அன்ரிகனி' கதையைப் பத்தாம் தரப் பிள்ளைகளுக்குச் சொல்ல நேர்ந்தது. பெயர்கள் அவர்கள் வாயில் நுழையவில்லை. விளங்கட்டுமே என்று கரும்பலகையில் ஒரு குடும்ப மரத்தை வரைந்தேன். மேலே லாயஸ், ஜொகாஸ்டா. அவர்களுக்கு மகன் ஈடிப்பஸ். அவன் அறியாமல் தகப்பனைக் கொன்று தாயையே மணக்கிறான். பிள்ளைகள் நால்வர்: எற்றியோக்கிளிஸ், பொலினீசிஸ், அன்ரிகனி, இஸ்மீன். பக்கத்தில் ஜொகாஸ்டாவின் சகோதரன் கிரியோன், அவன் மகன் ஹீமோன். சகோதரர் இருவரும் ஆட்சிக்காகப் பொருதி ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். அரசனாகும் கிரியோன், பொலினீசிஸின் உடலை அடக்கம் செய்யக்கூடாதென்று ஆணையிடுகிறான். அன்ரிகனி மண் தூவுகிறாள். உயிரோடு கல்லறைக்குள் அடைக்கப்படுகிறாள்.

வழமையாகப் பின்வாங்கில் மௌனமாக இருக்கும் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "ஸேர், கிரியோன் ஜொகாஸ்டாவோட கூடப்பொறந்தவரென்டா அன்ரிகனிக்கு அவர் தாய்மாமன்தானே? சொந்த மாமா எப்படி ஸேர் மருமகன்ட மையித்த அடக்க உடாம வெப்பார்? வேற ராசா செஞ்சா அது வேற கத."

என்னிடம் பதில் இருக்கவில்லை. மணியும் அடித்துவிட்டது.

இதில் எனக்கு ஒரு பழைய கடன் உண்டு. இருபது வருடங்களுக்கு மேலாகிறது. ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் இதே நாடகம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். தாயை மணந்தவனுக்குப் பிறந்தவள் அன்ரிகனி. அந்தப் பிறப்பின் கறையே அவளைக் கல்லறைக்கு இழுத்துச் சென்றது. லப்டகஸ் வம்சத்தின் சாபம் இரத்தத்தினூடாக இறங்கி வந்தது - இதுதான் என் முடிவு. நன்றாக இருந்தது என்றார்கள். அந்த வயதில் அது போதுமாக இருந்தது. பிறகு படிப்பிக்கப் போன ஊர்களில், "அவன் ஆர்ட மகன், அவன்ட வாப்பா அப்படித்தானே" என்று ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசப்படும்போதெல்லாம், என் கட்டுரையின் வாசனை அதில் அடிப்பதை உணராமல் இருக்க முடியவில்லை. அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதற்காகவே இதை எழுதுகிறேன். நான் கரும்பலகையில் வரைந்த மரம் பலவற்றுள் ஒன்று மாத்திரமே என்பதும், அதைவிடப் பழைய மரமொன்றில் அன்ரிகனியின் தாய் ஜொகாஸ்டாவே அல்ல என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மரத்தின் மேற்பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். தீப்ஸ் நகரத்தை நிறுவியவன் கட்மஸ். அவன் கிரேக்கனல்லன், பினீசியாவின் தீர் பட்டணத்திலிருந்து, காணாமற்போன தன் சகோதரி யூரோப்பாவைத் தேடி வந்தவன். எழுத்துக்களைக் கிரேக்கருக்குக் கொண்டு வந்தவர்கள் கட்மஸோடு வந்த பினீசியர் என்பது ஹெரோடோட்டஸின் கூற்று. அவனுடைய பெயர் 'முன்', 'கிழக்கு' என்னும் பொருள்தரும் செமித்திய வேரிலிருந்து பிறந்ததென்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. 'கதீம்' என்று நமக்குப் பழக்கமான அரபுச் சொல்லும் அந்த வேரைச் சேர்ந்ததே. எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் என்னைப் போன்ற வாசகனுக்கு அந்தப் பெயரில் ஒரு தெரிந்த முகம் தென்படத்தான் செய்கிறது. கட்மஸின் மகன் பொலிடோரஸ், அவன் மகன் லப்டகஸ், அவன் மகன் லாயஸ், அவன் மகன் ஈடிப்பஸ். இந்த வரிசையை ஹெரோடோட்டஸும் தருகிறார். இதில் பொலிடோரஸுக்கும் லப்டகஸுக்கும் கதையென்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. வம்சாவளிகளில் இடைவெளியை நிரப்புவதற்கென்றே சில பெயர்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நமது ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வம்ச வரலாறுகளிலும் அத்தகைய மூத்தாப்பாக்கள் உண்டு.

சிக்கல் மரத்தின் அடியில் இருக்கிறது.

இக்கதையைச் சொல்லும் மிகப் பழைய பிரதி ஹோமரின் 'ஒடிசி'. அதன் பதினோராம் பாகத்தில், இறந்தோரின் உலகுக்குப் போகும் ஒடிசியஸ் அங்கே ஈடிப்பஸின் தாயைக் காண்கிறான். அவளுடைய பெயர் அங்கு ஜொகாஸ்டா அல்ல, எப்பிகாஸ்டா. அறியாமல் மகனை மணந்தாள், தேவர்கள் உடனேயே அதை மனிதருக்கு வெளிப்படுத்தினார்கள், அவள் தூக்கிட்டு இறந்தாள், அவனோ துன்பப்பட்டுக்கொண்டே தீப்ஸில் தொடர்ந்து ஆட்சி செய்தான் என்று அங்கே வருகிறது. கண்ணைக் குத்திக்கொண்டதாக இல்லை. நாடு கடந்து போனதாகவும் இல்லை. 'இலியட்'டின் இருபத்துமூன்றாம் பாகத்திலோ, ஈடிப்பஸ் இறந்தபோது தீப்ஸில் நடந்த ஈமச்சடங்குப் போட்டிகளைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. அதாவது ஹோமரின் ஈடிப்பஸ் சொந்த ஊரில், அரசனுக்குரிய மரியாதையோடு அடங்கியவன்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் நடந்து பார்த்து எழுதிய பொசானியஸ், 'ஒடிசி'யின் அந்த 'உடனேயே'யைப் பிடித்துக்கொண்டார். ஒரு நல்ல விமர்சகன் செய்ய வேண்டிய வேலை அது. உடனேயே உண்மை வெளிப்பட்டதென்றால், அவளுக்கும் ஈடிப்பஸுக்கும் நான்கு பிள்ளைகள் பிறப்பதற்கு அவகாசம் எங்கே? ஆகவே பிள்ளைகள் அவளுக்குப் பிறந்தவர்களல்லர். அவர்களின் தாய் ஹைப்பர்பாஸின் மகள் யூரிகனியா என்கிறார். அதற்குச் சாட்சியாக 'ஈடிப்பொடீயா' என்ற பழைய காவியத்தை அழைக்கிறார். 6,600 அடிகள் கொண்டிருந்ததாகக் கூறப்படும் அந்தக் காவியத்தில் இன்று மிஞ்சியிருப்பது வெறும் இரண்டடிகள். அதோடு அவர் நிற்கவில்லை. பிளாட்டியா நகரில் ஒனாசியாஸ் என்ற ஓவியன் தீட்டிய சித்திரமொன்றில், தன் புதல்வர் இருவரும் பொருதுவதைக் கண்டு தலை கவிழ்ந்து நிற்கும் யூரிகனியா இருக்கிறாள் என்றும் சொல்கிறார்.

அந்த 'உடனேயே' என்ற சொல்லுக்கு 'பிறகு திடீரென' என்றும் பொருள் கொள்ளலாமென்று வாதிட்ட உரைகாரர்கள் உண்டு. அப்படியானால் பொசானியஸின் வாதத்தில் பாதி சரிந்துவிடும். ஆனால் அந்தச் சித்திரம் சரியாது. ஒரு தாய் தன் ஆண்மக்கள் ஒருவரையொருவர் கொல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பதை ஓர் ஊர் தன் கோயிற் சுவரில் வைத்துப் பார்த்திருக்கிறது. அந்தத் தாய்க்கு யூரிகனியா என்று பெயரும் சொல்லியிருக்கிறது.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு வம்சாவளி ஆசிரியரான பெரெகிடிஸ் இன்னொரு கணக்குத் தருகிறார். ஜொகாஸ்டாவிடம் ஈடிப்பஸுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள், இருவரும் போரில் மாண்டார்கள். பின்னர் யூரிகனியாவை மணந்து, நாம் அறிந்த நால்வரையும் பெற்றான். அவளும் இறந்தபின் அஸ்டிமெடூசாவை மணந்தான். மூன்று கலியாணம்! பெரெகிடிஸின் நோக்கம் எனக்கு விளங்குகிறது. எல்லாச் செவிவழிக் கதைகளையும் கேட்டவர். எதையும் தள்ளிவிட மனமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக மனைவியரை அடுக்கி எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துவிட்டார். சில பழைய உரைக்குறிப்புகள் யூரிகனியாவை ஜொகாஸ்டாவின் தங்கையாக்கி விடுகின்றன. தாரம் இழந்தவனுக்கு மச்சினியைக் கட்டிவைக்கும் வழக்கமுள்ள ஊர்க்காரர்களுக்கு இந்தச் சமாதானத்தில் புதுமை ஏதும் இல்லை.

சரி, இத்தனை பேருக்கு இந்தத் தாய் மாற்றம் ஏன் தேவைப்பட்டது? இதற்கு விடை ஏட்டில் அல்ல, அரண்மனைகளில் இருக்கிறது. ஈடிப்பஸின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொண்ட, இரத்தமும் சதையுமான குடும்பங்கள் கிரேக்க உலகில் இருந்தன. பொலினீசிஸின் மகன் தெர்சாண்டர், அவன் மகன் டிசாமினஸ், அவன் மகன் அவுட்டேசியன், அவன் மகன் தேராஸ் என்று ஒரு வரிசையை ஹெரோடோட்டஸ் தருகிறார். இந்தத் தேராஸ் ஸ்பார்ட்டாவின் இரட்டை அரச பரம்பரைகளுக்கு மூலவரான சிறுவர் இருவருக்கும் தாய்மாமன். அவர்கள் வளரும்வரை அவர்களுக்காக ஆட்சி நடத்தியவன். தேரா தீவில் குடியேறியவன். ஸ்பார்ட்டாவில் தங்கிவிட்ட அவன் வழியினரின் குழந்தைகள் தக்காமற்போகவே, அசரீரி வாக்கின்படி லாயஸுக்கும் ஈடிப்பஸுக்குமாகப் பழிவாங்கும் தேவதைகளுக்கு ஒரு கோயில் கட்டினார்களாம். இதைவிடப் புகழ்பெற்றவன் சிசிலித் தீவின் அக்ரகாஸ் நகர ஆட்சியாளன் தேரோன். கி.மு. 476 இல் ஒலிம்பியாவில் தேரோட்டப் போட்டியில் அவன் வென்றபோது பிண்டார் பாடிய வாழ்த்துப் பாடல் அவனது வம்சத்தைத் தெர்சாண்டர் வரை கொண்டுபோகிறது. அதில் லாயஸின் கொலை வருகிறது, சகோதரர் சண்டை வருகிறது, பழிதேவதை வருகிறாள். தாயை மணந்த செய்தி மட்டும் வருவதில்லை. பாடலுக்குப் பொருள் கொடுத்தவனின் பாட்டியைப் பற்றிப் பாவலன் வாய் திறக்கவில்லை.

கொலையை வம்சாவளியில் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு வீரம்கூட இருக்கிறது. முறைகெட்ட பிறப்பை வைத்துக்கொள்ள இயலாது. யூரிகனியா இருக்கும் மட்டும், ஈடிப்பஸின் பாவம் ஈடிப்பஸோடு நிற்கும். பிள்ளைகள் சுத்தமான பிள்ளைகள். தேரோனும் தேராஸும் தலை நிமிர்ந்து நடக்கலாம். அந்தப் பெண் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காக்க நிறுத்தப்பட்ட வேலி.

வேலியைப் பிடுங்கியவர்கள் ஏதென்ஸ் நாடகாசிரியர்கள். நமக்குக் கிடைத்தவற்றுள் முதலில் எஸ்கிலஸ்: கி.மு. 467 இல் அரங்கேறிய 'தீப்ஸுக்கு எதிராக எழுவர்' நாடகத்தில், தாயின் நிலத்தில் விதைத்தவன் என்றும், அதிலிருந்து குருதி படிந்த வேர் முளைத்ததென்றும் குழுவினர் பாடுகிறார்கள். ஏதென்ஸுக்குத் தீப்ஸ் பகை நகரம். பாரசீகப் படையெடுப்பின்போது எதிரியோடு சேர்ந்துகொண்ட நகரம். தங்கள் மேடையில் தாங்கள் பார்க்க விரும்பாத எல்லாவற்றையும் ஏதென்ஸ்காரர் தீப்ஸின் தலையில் கட்டினார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் புரோமா ஸைற்லின் 1980களில் எழுதிய கட்டுரை இவ்விடயத்தில் முக்கியமானது. அடுத்தவன் வம்சத்தில் அழுக்குத் தேடுவது இலகு என்பதை ஏதென்ஸ்வாசிகளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டுமென்பதில்லை.

ஆனால் சொபொக்கிளிஸ் விடயத்தில் இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. இங்கேதான் அந்தப் பிள்ளையின் கேள்வி வருகிறது.

கிழக்கிலங்கையில் வளர்ந்தவனுக்கு ஒரு நன்மை உண்டு. நம்மிடையே குடி என்பது தாய்வழி. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. வாப்பாவின் பெயர் பத்திரங்களில் இருக்கும், ஆனால் "என்ன குடி?" என்ற கேள்விக்கு விடை உம்மாவிடமிருந்தே வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கிரேக்க வம்சாவளிகளோ தகப்பன் வழியே இறங்குகின்றன. தாயை ஓரத்தில் எழுதிவிட்டுப் போகின்றன. அதனாலோ என்னவோ, ஐரோப்பியர் எழுதிய விளக்கங்களில் ஈடிப்பஸ் என்ற தகப்பனைப் பற்றியே பேச்செல்லாம். நமது உறவுச் சொற்களை அந்த மரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும்.

ஜொகாஸ்டா தாயென்றால், அன்ரிகனிக்கு அவள் உம்மா. அதேவேளை வாப்பாவைப் பெற்றவளாகையால் வாப்பும்மா. ஈடிப்பஸ் வாப்பா, உம்மாவின் வயிற்றில் பிறந்தவனாகையால் காக்கா. பொலினீசிஸ் காக்கா; ஈடிப்பஸ் காக்காவின் மகனாகையால் மருமகன். தன் கூடப்பிறந்தவனுக்கே அவள் மாமி முறை. ஹீமோன் தாய்மாமன் மகனாகையால் மச்சான், முறையான மாப்பிள்ளை. வாப்பாவுக்கும் அவன் மச்சானாகையால் மாமா முறையும் ஆகிறான். கிரேக்க மொழியில் இதைச் சொல்ல சொபொக்கிளிஸ் பட்ட பாட்டை நாடகத்தின் முதல் வரியிலேயே காணலாம் என்கிறார்கள். 'சகோதரி' என்ற சாதாரணச் சொல் போதாமல், பொதுமை, சுயம், ஒரே கருப்பை என்ற பொருள்களையெல்லாம் ஒன்றாக முறுக்கிய கூட்டுச் சொல்லால் அன்ரிகனி இஸ்மீனை விளிக்கிறாள். நமக்கோ அத்தனை பாடு இல்லை; முறைப்பெயரைச் சொன்னாலே முடிச்சு விழுந்துவிடுகிறது.

கிரியோனுக்கு வருவோம். யூரிகனியா தாயென்றால், கிரியோன் அன்ரிகனிக்கு வாப்பாவின் தாய்மாமன், தூரத்து மூத்தாப்பா முறை, வேறு குடி. ஜொகாஸ்டா தாயென்றால் அவன் நேரடித் தாய்மாமன், ஒரே குடி. பொலினீசிஸ் அவனது சகோதரியின் மகன். யூரிகனியாவை நீக்கியதால் பிள்ளைகளின் பிறப்பு அசுத்தமாயிற்று என்பதை மட்டுமே நான் அன்று கண்டேன். அவளை நீக்கியதால் கிரியோன் மாமாவானான் என்பதை ஒரு பத்தாம் தரப் பிள்ளை கண்டாள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாடகத்தை மறுபடி வாசித்தேன். கிரியோன் மேடைக்கு வந்ததும் பேசும் முதல் உரையில், எந்த உரிமையால் ஆட்சி தனக்கு வந்ததென்று சொல்கிறான். படைவலிமையால் அல்ல, மக்கள் தெரிவால் அல்ல. மாண்டவர்களுக்கு மிக நெருங்கிய உறவினன் என்பதால். அதே மூச்சில், அந்த மாண்டவர்களுள் ஒருவனை நாய்க்கும் பறவைக்கும் விட்டுவிடும் ஆணையைப் பிறப்பிக்கிறான். உறவின் சொத்து வேண்டும். உறவின் கடமை வேண்டாம். பிறகு அன்ரிகனி பிடிபட்டு வரும்போது, அவள் என் சகோதரியின் மகளானாலும், என் வீட்டில் வணங்கும் எல்லோரையும்விட நெருங்கிய இரத்தமானாலும் தப்பமாட்டாள் என்று அவனே வாய்விட்டுச் சொல்கிறான். யூரிகனியாவின் மகளைப் பார்த்து இந்தச் சொற்களைச் சொல்லவே முடியாது. நாடகத்தின் எலும்பு இந்த இடத்தில் இருக்கிறது. சொபொக்கிளிஸுக்கு ஜொகாஸ்டா தேவைப்பட்டது சாபத்துக்காக மட்டுமல்ல, அந்த மாமாவுக்காக.

சாபம் நாடகத்தில் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. குழுவினர் லப்டகஸ் வீட்டின் துயரைப் பாடுகிறார்கள். தகப்பனின் கடனைத் தீர்க்கிறாய் என்று அவளிடமே சொல்கிறார்கள். அவளும் தாயின் படுக்கையை நினைத்துப் புலம்புகிறாள். ஆனால் அவள் மண் தூவப் போகும்போது சாபத்தைப் பற்றிப் பேசவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பேசித்தான், கல்லறைக்குப் போகும் வழியில், அவள் அந்தப் பாஷையைப் பேசத் தொடங்குகிறாள். என் கலாசாலைக் கட்டுரை ஊர்ப் பெரியவர்களின் பக்கத்தில் நின்று எழுதப்பட்டது.

இன்னுமோர் இடம். சாவதற்குச் சற்று முன், கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ என்றால் நான் இதைச் செய்திருக்கமாட்டேன் என்கிறாள். இன்னொரு கணவன் கிடைப்பான், இன்னொரு பிள்ளை பிறக்கும். தாயும் தகப்பனும் மண்ணுக்குள் போனபின் இன்னொரு சகோதரன் பிறக்கமாட்டான். ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரு பாரசீகப் பெண்ணின் கதையிலும் இதே வாதம் உண்டு. ஜேர்மனிய மகாகவி கேத்தேக்கு இந்தப் பகுதி பிடிக்கவில்லை; இது இடைச்செருகல் என்று எந்த அறிஞராவது நிறுவினால் நல்லது என்று 1827 இல் எக்கர்மனிடம் சொன்னார். ஆனால் அரிஸ்டோட்டில் இவ்வடிகளைச் சொபொக்கிளிஸின் அடிகளாகவே எடுத்தாண்டிருக்கிறார். எனக்கு அது இடைச்செருகலாகத் தோன்றவில்லை. கணக்குப் பார்க்கக் கூடாத ஒரு வீட்டின் கணக்கை அவள் பார்க்கிறாள். அவளுடைய வீட்டில் தகப்பனே சகோதரனாக இருந்தான். தாய் பெற்றவனுக்கே தாய் மறுபடி பெற்றாள். சகோதரன் என்ற சொல்லுக்குள் மற்ற எல்லா உறவுகளும் புதைந்துபோன வீடு அது. வேறெந்தப் பெண் சொன்னாலும் செயற்கையாக இருக்கும் அந்த வாதம், ஜொகாஸ்டாவின் மகளுடைய வாயில் நிற்கிறது.

அமைப்பியல் பற்றி நம்மிடையே மிகுந்த ஆரவாரத்தோடு பேசிய காலமொன்று இருந்தது. அப்போது அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது, லெவி-ஸ்ட்ராஸ் 1955 இல் வெளியிட்ட ஈடிப்பஸ் ஆய்வு. கட்மஸ் தங்கையைத் தேடியது, ஈடிப்பஸ் தாயை மணந்தது, அன்ரிகனி சகோதரனை அடக்கியது எல்லாம் ஒரு நிரலில். லப்டகஸ் நொண்டி, லாயஸ் இடப்பக்கச் சாய்வு, ஈடிப்பஸ் வீங்கிய பாதம் என்ற பெயர்ப்பொருள்கள் இன்னொரு நிரலில். ஒரு தொன்மத்தின் எல்லா வடிவங்களும் சம மதிப்புடையவை என்று அவரே அதில் சொல்கிறார். ஆனால் அட்டவணையில் யூரிகனியாவைக் காணவில்லை. அவளை உள்ளே விட்டால் முதல் நிரல் கலைந்துவிடும். பெரிய மேதைகளும் தம் மரத்துக்கு இடைஞ்சலான கிளையை வெட்டத்தான் செய்கிறார்கள் என்பதைக் காண்கையில், கலாசாலை மாணவனாக இருந்த எனக்குச் சற்று மன்னிப்புக் கிடைத்தது போலிருந்தது.

ஹீமோன் கதையும் இப்படியே. மிஞ்சிய அந்த இரண்டடி 'ஈடிப்பொடீயா'வின்படி, கிரியோனின் அழகிய மகன் ஹீமோனை ஸ்பிங்ஸ் கொன்றுவிடுகிறது. ஈடிப்பஸ் தீப்ஸில் அரசனாவதற்கு முன்பே! அப்படியானால் அன்ரிகனி பிறக்க முன்பே அவளுடைய மாப்பிள்ளை மௌத்தாகிவிட்டான். 'இலியட்'டிலோ ஹீமோனின் மகன் மாயோன் என்றொருவன் வருகிறான். யூரிப்பிடிஸ் எழுதித் தொலைந்துபோன 'அன்ரிகனி'யில் அவள் ஹீமோனைக் கைப்பிடித்து மாயோனைப் பெறுகிறாள். இஸ்மீனுக்கு வேறு விதி: தீடியஸ் அவளைக் கொல்லும் காட்சி, பெயர்கள் பொறிக்கப்பட்டு, கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கொரிந்தியச் சாடியொன்றில் இருக்கிறது. இன்று அது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில். சொபொக்கிளிஸின் சமகாலத்தவரான அயோன் என்ற கவிஞரின் கூற்று வேறு. எற்றியோக்கிளிஸின் மகன் லவோடமாஸ் சகோதரியர் இருவரையும் ஹீரா கோயிலுக்குள் வைத்து எரித்துவிட்டானாம். அங்கே மாமா இல்லை, ஆணை இல்லை, அடக்கம் இல்லை. அவர்களைக் கொல்பவன் மருமகன்.

அரபு மொழியில் தௌபீக் அல்-ஹகீமும் அலி அஹ்மத் பாகதீரும் 1949 இல் தத்தமது ஈடிப்பஸ் நாடகங்களை வெளியிட்டார்கள். அல்-ஹகீமின் ஈடிப்பஸ், உண்மை தெரிந்த பிறகும் குடும்ப வாழ்வை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் தவிக்கிறான். அதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட கண்டனங்கள் பல. இவற்றைத் தமிழில் விரிவாகப் பேச நம்மிடையே அரபு கற்ற இலக்கியகாரர் யாராவது முன்வர வேண்டும். என் அரபு அந்தளவுக்குப் போதாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இராது. 2020 ஏப்ரலில் கொவிட் தொற்றால் மரணித்தோரின் உடல்கள் எரிக்கப்பட வேண்டுமென்ற வர்த்தமானி அறிவித்தல் வெளியானதிலிருந்து, 2021 பெப்ரவரி இறுதியில் அது திருத்தப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்படும் வரை, நானும் 'அன்ரிகனி'யைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தேன். ஆணை, உடல், மண் என்று எல்லாம் அச்சொட்டாகப் பொருந்துவதுபோல் தெரிந்தது. அப்போது ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டேன். ஏன் நின்றதென்று அன்று விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. கிரியோனை அரசு என்றும் அன்ரிகனியைச் சமூகம் என்றும் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் தீப்ஸின் மையவாடி வாசலில் நின்று தடுத்தது முகந்தெரியாத ஓர் அதிகாரமல்ல. முதலில் தோள்கொடுக்க வேண்டிய மாமா. அந்த நாடகத்தை நமது துயருக்கு உவமையாக்க முனைந்தபோது, அதன் மிகக் கசப்பான பகுதியை நானே வெட்டிவிட்டிருந்தேன்.

அடுத்த வாரம் வகுப்பில் கரும்பலகையை அழித்து இரண்டு மரங்களை வரைந்தேன். ஒன்றில் ஜொகாஸ்டா, மற்றதில் யூரிகனியா. அந்தப் பிள்ளை இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, யூரிகனியாவின் பக்கத்தில் கிரியோனுக்குக் கோடு கீறாமல் விட்டிருந்தாள். அங்கேயும் ஒரு கோடு உண்டு, வாப்பாவின் பக்கத்தால் வரும் என்று காட்டினேன். பார்த்துவிட்டு, "அந்தக் கோடு நீளம் ஸேர்" என்றாள். பென்சிலால் கீறிக்கொண்டாள்.

பொசானியஸ் தீப்ஸுக்குப் போனபோது ஊரவர் அவருக்கு ஒரு நிலத்துண்டைக் காட்டி, 'அன்ரிகனியின் இழுவை' என்று பெயர் சொன்னார்களாம். பொலினீசிஸின் உடலைத் தூக்க அவளால் முடியவில்லை. அந்த வழியால் இழுத்துக்கொண்டு போனாளாம்.